புரோக்கர் என்று நினைத்துத் துரத்தினேன்

முருகன் அடியார்கள் எல்லாருக்கும் இந்த ஏகாம்பரத்தின் வணக்கம். கோவிலம்பாக்கத்தில் மணல், ஜல்லி, ஹாலோ பிளாக் கடை வைத்திருக்கிற அதே ஏகாம்பரம்தான். கார்த்திகை மாதக் கிருத்திகை பஜனையில் உங்களில் பாதிப் பேருக்கு என்னை அடையாளமே தெரியவில்லை. "மீசை எங்கய்யா?" என்று கேட்காத ஆள் இல்லை. நின்றபடி சொல்லி முடிக்கிற கதை இல்லை, எழுதியே தருகிறேன் என்று சொன்னேன். எழுதிவிட்டேன்.

போன வருஷம் ஆவணி மாதம். என் மகன் கார்த்தி ஒருநாள் கல்லூரியிலிருந்து வந்தான், மாடி அறைக்குள் போனான், கதவைச் சாத்திக்கொண்டான். அதன் பிறகு வெளியே வரவில்லை.

தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் அவன் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் வருஷம். எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். நான் ஒன்பதாவதோடு நின்றவன். அப்பாவோடு கழனியில் இறங்கினேன். கழனியெல்லாம் வீட்டு மனையான பிறகு கடையில் உட்கார்ந்தேன். என் பையன் பெயருக்குப் பின்னால் ஒரு பட்டம் வர வேண்டும், அதை நான் கடை போர்டில் போட்டுக்கொள்ள வேண்டும். இதுதான் என் பேராசை.

என்ன நடந்தது என்று அவன் வாய் திறக்கவில்லை. கூடப் படிக்கிற பையனுக்கு என் மனைவி வசந்தா போன் போட்டுத்தான் விஷயத்தைத் தெரிந்துகொண்டாள். வகுப்பில் எல்லார் முன்னாலும் நின்று ஒரு பாடத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பேசுவது அன்று அவன் முறை. பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவன். பாதியில் நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்படியே நின்றுவிட்டான். ஒருவன் சிரித்தான், பிறகு வகுப்பே சிரித்தது. எந்தப் புண்ணியவானோ அதை போனில் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டும்விட்டான்.

நான் கத்தினேன், கெஞ்சினேன். பைக் வாங்கித் தருகிறேன் என்றேன். கதவுக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்த சோறு பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வந்தது. என் தம்பி வந்து, "வாடகை வருது, கடை கீது. இன்னாத்துக்குண்ணா அவனுக்குப் படிப்பு? வுடு," என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போனான். எனக்குப் படிப்புகூட அப்போது பெரிதாகத் தெரியவில்லை. பேப்பரில் என்னென்னவோ படிக்கிறோமே. நானும் வசந்தாவும் மாறி மாறி அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். உள்ளே அவன் ஒரு தடவை இருமினால் போதும், எங்களுக்குப் போன உயிர் திரும்பி வரும்.

அந்தக் கிருத்திகைக்கு மலைக் கோயில் படியேறினேன். எனக்குப் பதிகம் எல்லாம் பாட வராது, உங்களுக்கே தெரியும். சன்னதியில் நின்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்: "முருகா, என்னால ஆவல. நீயே நேர்ல வா. இல்லாங்காட்டி யாரையாவது அனுப்பு. என் புள்ள மறுபடி நாலு பேர் எதிர்ல நின்னு பேசணும். மொட்டை போடறேன். மீசையும் சேத்து எடுத்துக்கோ." மீசையைச் சொன்னபோது கை தானாக அதை ஒரு தடவை தடவிப் பார்த்தது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து வளர்த்த மீசை அது.

இங்கே எங்கள் ஊர் நிலவரம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொந்த மனை வைத்திருப்பவன் வீட்டு வாசலில் காக்காய் வந்து உட்காருகிறதோ இல்லையோ, நிலப் புரோக்கர் வந்து நிற்பான். என் வீட்டை ஒட்டி ஒரு காலி மனை இருக்கிறது. அதைக் கேட்டு வராத ஆள் இல்லை. பொறுக்க முடியாமல் கேட்டில் ஒரு போர்டு மாட்டினேன்: 'நிலம் விற்பனைக்கு இல்லை. புரோக்கர்கள் மணி அடிக்க வேண்டாம்.' தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் ஹலோ கூடச் சொல்வதில்லை. "எடம் விக்கறதா இல்ல" என்று சொல்லி வைத்துவிடுவேன்.

கோயிலுக்குப் போய் வந்த மறுநாளே ஒரு போன். "ஏகாம்பரம் சாருங்களா? தாம்பரத்துலேருந்து பேசறேன். உங்க வீட்டு விஷயமா..."

"எடம் விக்கறதா இல்ல!"

சாயங்காலம் மறுபடி அதே நம்பர். பிளாக் செய்துவிட்டேன்.

அந்த சனிக்கிழமை ஒருவர் பழைய ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். தலையில் ஹெல்மெட், தோளில் தடித்த பை. போர்டைப் படித்தார். காம்பவுண்டுச் சுவரை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்தார். மாடியை அண்ணாந்து பார்த்தார். சரிதான், வந்ததும் வராததுமாகக் கண்ணாலேயே அளவு எடுக்கிறான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாருய்யா அது? எழுதிப் போட்டுகீதே, படிக்கத் தெரியாது?"

"படிக்கத் தெரியுங்க," என்று சிரித்தார். "நான் வந்தது எதுக்குன்னா..."

"இன்னாத்துக்கா இருந்தாலும் இல்ல. பேஜார் பண்ணாத, கிளம்பு."

"சரிங்க, கோபமா இருக்கீங்க. இன்னொரு நாள் வரேன்."

"வராத!" என்றேன். ஸ்கூட்டர் போய்விட்டது. நான் உள்ளே வந்து பூஜை அலமாரி முன்னால் நின்று, "முருகா, இன்னும் யாரையும் அனுப்பலியே, உனக்கு இரக்கமே இல்லியா?" என்று அழுதேன். நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரியுங்கள்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், தூறல். மணி அடித்தது. போய்ப் பார்த்தால் அதே ஆள்! இந்த முறை கூடக் குடை பிடித்தபடி ஒரு அம்மாள்.

"இப்ப ஜோடி சேந்துகினு வந்துட்டீங்களா? உங்களுக்கு சூடு சொரணை எதுவும் கிடையாதா?"

அந்த அம்மாள் முன்னால் வந்து, "சார், நாங்க உங்க..." என்று ஆரம்பித்தார். நான் விட்டால்தானே! கடையில் லாரிக்காரர்களிடம் கத்திப் பழகின தொண்டை. தெருவே திரும்பிப் பார்த்தது. போலீஸைக் கூப்பிடுவேன் என்கிற வரைக்கும் போய்விட்டேன்.

அப்போது மாடி ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்து மறைந்தது, அடுத்து தாழ்ப்பாள் திறக்கிற சத்தம். தடதடவென்று படியில் காலடி. செருப்பில்லாமல், தாடியோடு, லுங்கியை ஒரு கையில் பிடித்தபடி என் பையன் மழையில் ஓடி வருகிறான்.

"நைனா! நிறுத்து நைனா! அது எங்க சாரு! எங்க மேடம்! புரோக்கர் இல்ல, எங்க காலேஜு!"

கேட்டின் தாழ்ப்பாளில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. அவர்கள் யார் என்பது மண்டைக்குள் ஏறவே கொஞ்ச நேரம் ஆனது. என் பிள்ளையின் குரல், அது மட்டும்தான் முதலில் கேட்டது. அந்தக் குரலுக்காகத்தானே அத்தனை நாள் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம்.

வேதியியல் பேராசிரியர் ஞானசேகரன் சார் ஹெல்மெட்டைக் கழற்றினார். "எனக்கு உங்க மனை வேணாங்க, உங்க பையன்தான் வேணும்," என்றார். பிறகு அவனைப் பார்த்து, "ஏன்டா, நாலு தெருவுக்குக் கேக்கற மாதிரி பேசறே. இந்தக் குரலை கிளாஸ்ல எங்கடா ஒளிச்சு வெச்சிருந்தே?" என்றார். கார்த்தி சிரித்துவிட்டான். சிரித்தபடியே அழுதான். வசந்தா உள்ளேயிருந்து ஓடி வந்து நிலைமையைப் பார்த்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு நான் போலீஸிடமே போயிருக்கலாம்.

ஆங்கிலத் துறை ரோசலின் மேடம் எங்கள் வீட்டுச் சமையலறையிலேயே போய் உட்கார்ந்துகொண்டு, "மூணு பேருக்கும் சேத்து தோசை ஊத்துங்கம்மா, அவன் எங்க கூட சாப்பிடட்டும்," என்றார். சாப்பிட்டான். இன்னும் ஒரு வாரம் வராவிட்டால் வருகைப் பதிவு குறைந்து பரீட்சை எழுத முடியாது, ஒரு வருஷம் போய்விடும், அதனால்தான் விடாமல் வந்தோம் என்று சார் சொன்னார். "அந்த வீடியோ எடுத்தவன் என் முன்னாடியே அழிச்சுட்டான்டா. உன் மூஞ்சில எப்படி முழிக்கறதுன்னு பயந்துகிட்டு இருக்கான். நீ வந்து அவன் பயத்தைத் தெளிய வை."

மேடம் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். முருகன் யாரை அனுப்புவான் என்று நாம் சொல்ல முடியுமா?

மறுநாளிலிருந்து வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் காலி ஆய்வுக்கூடத்தில் அவனுக்குப் பேச்சுப் பழக்கம். முதலில் சார் ஒருவர் மட்டும் எதிரில் உட்காருவார், தமிழிலேயே பேசச் சொல்வார். நன்றாக வந்த பிறகு இன்னொருவரைக் கூட்டி வந்து உட்கார வைப்பார். அப்புறம் இன்னும் ஒருவர். அந்த வீடியோ எடுத்த பையனும் ஒருநாள் வந்து உட்கார்ந்தானாம். மேடம் மறைமலை நகரிலிருந்து விடிகாலை ரயில் பிடித்து வந்து, வார்த்தை வார்த்தையாக ஆங்கிலத்தைச் சேர்த்தார். என்ன தலைப்பு தெரியுமா? எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீர்! பக்கெட்டில் ஏன் வெள்ளையாகப் படிகிறது, பருப்பு ஏன் வேகவில்லை, அதுதான். "தெரிஞ்சதைப் பேசு, நாக்கு தானா வரும்," என்றாராம் சார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "சார், ஒரு லோடு ஜல்லி அனுப்பட்டுமா?" என்று கேட்டேன். என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

"ஜல்லிய வெச்சுகிட்டு நான் என்னங்க பண்றது? பையனை நேரத்துக்கு அனுப்புங்க, போதும்."

"எதுக்கு சார் இவ்ளோ கஷ்டப்படறீங்க?"

"அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது ஒரு பேருக்கு பதில் வரலைன்னா, எனக்குப் பாடம் ஆரம்பிக்கவே ஓடலைங்க," என்றார்.

ஐப்பசியில் ஒருநாள், துறை முழுக்கக் கூடியிருக்கிற அரங்கில் கார்த்தி பேசப்போகிறான் என்று சார் போன் செய்தார். பேசி முடித்த பிறகு மொட்டை போடலாம் என்றுதான் இருந்தேன். வசந்தா விடவில்லை. "சாமிகிட்டயே சாக்கு சொல்றியா? மீசை மேல அவ்ளோ ஆசையா?" வியாபாரி இல்லையா நான், முருகனுக்கு முன்பணமாகவே கொடுத்துவிடுவோம் என்று விடிந்ததும் மலைக்குப் போய் மொட்டை போட்டேன். மீசையும் போனது. தலையில் சந்தனம், கையில் பஞ்சாமிர்தத் தூக்கு, அப்படியே நேராகக் கல்லூரிக்குப் போனேன்.

வாசலில் காவலாளி கையை நீட்டித் தடுத்தார். "ஐயா, கோயில் நன்கொடைக்கெல்லாம் உள்ள விட மாட்டோம்."

"நன்கொடை இல்லப்பா, என் பையன்..."

"எல்லாரும் இப்படித்தான் ஏதாச்சும் சொல்றாங்க. கிளம்புங்க, கிளம்புங்க."

என் வார்த்தை எனக்கே திரும்பி வந்தது. ஒரு சத்தமும் போடவில்லை. தூக்கை வைத்துக்கொண்டு வேப்ப மரத்தடியில் நின்றேன். முருகா, உன் கணக்கு உனக்குத்தான் தெரியும் என்று சிரிப்புகூட வந்தது. கொஞ்ச நேரத்தில் என்னைத் தேடிக்கொண்டு ஞானசேகரன் சாரே வந்தார். என்னைத் தாண்டிப் போனார், திரும்பினார், என் மொட்டையைப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "இவரு நம்ம ஆளுதான், புரோக்கர் இல்ல," என்று காவலாளியிடம் சொல்லிக் கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

கார்த்தி மேடையில் நின்று பேசிக்கொண்டிருந்தான். ஆங்கிலத்தில்! எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. நடுவில் ஒரு இடத்தில் நின்றுவிட்டான். திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் சாரின் உதடு சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது. அடுத்த வரிசையில் மேடத்தின் உதடும் அப்படியே. மொத்தப் பேச்சும் அவர்களுக்கு மனப்பாடம். கார்த்தி எங்கள் போர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் காட்டினான், மூச்சு விட்டான், தொடர்ந்தான். யாரும் சிரிக்கவில்லை. முடித்தபோது முதலில் எழுந்து கை தட்டியது அந்த வீடியோ எடுத்த பையன். நான் பஞ்சாமிர்தத் தூக்கோடு நின்று அழுதேன்.

பரீட்சை எழுதினான், எல்லாப் பாடமும் தேறிவிட்டான். வகுப்பில் இப்போது தயங்கி நிற்கிற பையன்களை இவனே ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப்போய் எதிரில் உட்கார்ந்து கேட்கிறானாம். மீசை மெதுவாகப் பழைய அளவுக்கு வருகிறது.

அடியார்களே, உங்களுக்கும் கஷ்டம் இருக்கும். தயங்காமல் அவன் காலில் போட்டுவிடுங்கள், நிச்சயம் வருவான். ஆனால் மயில் மேல் வருவான் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். எனக்கு ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்தான், நான் வெளியே போ என்றேன், அப்படியும் கோபிக்காமல் குடையோடு மறுபடி வந்தான்.

போர்டைக் கழற்றிவிட்டேன். இப்போது மணி அடித்தால் யாராக இருந்தாலும் கேட்டைத் திறந்து, உட்கார வைத்து, மோர் கொடுத்து, என்ன விஷயம் என்று முழுசாகக் கேட்கிறோம். புரோக்கர்கள் நிறைய வருகிறார்கள். மோர் குடிக்கிறார்கள். நிலத்தை இன்னும் விற்கவில்லை.