நின்றால் அணையும் கார்

எங்கள் வெள்ளைக் கார் ஓடும்போது நல்ல கார்தான். நிறுத்தினால்தான் வில்லங்கம். சிவப்பு விளக்கில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் என்ஜின் குலுங்கும், இரண்டு தரம் செருமும், அணைந்துவிடும். அப்பா இதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருந்தார். விளக்கில் நிற்கும்போது கைப்பிரேக்கை இழுத்துவிட்டு ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருக்கவேண்டும். பக்கத்துக் கார்க்காரர்கள் எங்களைப் பந்தயத்துக்கு வந்தவர்கள் போலப் பார்ப்பார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பிறந்தநாளுக்குக் கிடைத்த கைக்கடிகாரத்தைப் பார்த்து யாராவது கேட்டாலும் கேட்காவிட்டாலும் நேரம் சொல்லிக்கொண்டிருந்த காலம்.

அன்று நாங்கள் இருந்த எட்மண்டனில் கணுக்கால் அளவு பனி. ரயில் ஓடவில்லை, என் பள்ளிக்கூடமும் பூட்டு. அப்பா ஷிப்டுக்குப் போய்விட்டார். மாமாவோ காலை பத்து மணிக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள குடிவரவு அலுவலகத்தில் நிற்கவேண்டும். மாமா அம்மாவின் ஒரே தம்பி. யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் வேலை செய்தவர், அகதியாக வந்து ஒன்றரை வருடமாக எங்களோடு இருந்தார். மாதம் ஒரு தடவை அங்கே போய்க் கையெழுத்து வைத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார். இந்தத் தடவை மட்டும் ஒரு கடிதம் வந்திருந்தது. பெரியவர்கள் அதைக் குசினியில் கதவைச் சாத்திவைத்துக்கொண்டு வாசித்தார்கள். பிந்தக்கூடாது என்பது மட்டுமே எனக்குத் தெரிந்தது.

லைசென்ஸ் எடுத்து மூன்று மாதம்கூட ஆகாத அம்மா கார் ஓட்டினார். மாமா முன்சீற்றில் ஒரு சின்னப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் பின்னாலிருந்து, "இன்னும் ஒரு மணித்தியாலம்", "இன்னும் அம்பது நிமிஷம்" என்று அறிவித்துக்கொண்டு வந்தேன். கார் முதல் விளக்கில் அணைந்தது. மூன்றாவது விளக்கிலும் அணைந்தது. ஒவ்வொரு தடவையும் அம்மா திறப்பைத் திருப்பும்போது என்ஜின் முன்னையதைவிடச் சோர்ந்த குரலில் முனகியது. பாலம் தாண்டி ஒரு இறக்கத்தில் பஸ் ஒன்றின் பின்னால் நின்றோம். அங்கே அது முழுதாகவே படுத்துவிட்டது. பின்னால் ஹோர்ன் சத்தம். அம்மா திறப்பைத் திருப்பிக்கொண்டே இருந்தார். மாமாவும் வழியில் போன ஒரு தபால்காரரும் காரை ஓரத்துக்குத் தள்ளினார்கள்.

மாமா பானெட்டைத் திறந்தார்.

"அக்கா, ஸ்டார்ட் பண்ணுங்கோ."

ஐந்தாவது முயற்சியில் என்ஜின் பிடித்தது. மாமா கார்பரேட்டரில் ஒரு திருகாணியை முறுக்கினார். சத்தம் ஏறியது, பிறகு விழுந்தது. ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தார்.

"இப்ப காலை எடுங்கோ."

"எடுத்தா நிண்டுபோகுமடா தம்பி."

"நிக்கட்டும். சத்தத்தைக் கேக்கவேணும்."

காதை என்ஜினுக்குக் கிட்டக் கொண்டுபோனார். நானும் இறங்கிப் போய்க் கேட்டேன். குலுக்கலுக்கு நடுவில் யாரோ பல்லிடுக்கால் காற்றை இழுப்பது போல ஒரு சீறல். மாமா ஒரு கறுப்பு ரப்பர் குழாயின் நுனியில் பெருவிரலை வைத்து அழுத்தினார். என்ஜின் சட்டென்று அமைதியாகி ஒரே சீராக ஓடியது. விரலை எடுத்தார், குலுங்கியது. திரும்ப வைத்தார், அடங்கியது.

"குழாய் வெடிச்சிருக்கு, அக்கா. வேண்டாத காத்தை இழுக்குது. அதுதான் ஐட்லிங்கில, காலை எடுத்த உடன, அணையுது."

அம்மா கதவைத் திறந்து வெளியே வந்தார். "அப்ப இதோட போக ஏலாதுதானே? இஞ்சயே விட்டிட்டு, கார் பழுது எண்டு அவங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லுவம்."

மாமாவின் விரல் குழாயிலேயே இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, இன்னும் இருபத்தெட்டு நிமிஷம்தான் இருக்கு! கெதியா!"

அவர் என்னைப் பார்த்தார். "ஓம் பிள்ளை, கெதியாச் செய்யிறன்."

என்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பையைத் திறந்தார். உள்ளே துவாய், இரண்டு சேட்டுகள், பல்துலக்கும் பிரஷ், சவர சாமான்கள். சவர பிளேட்டால் குழாயின் வெடித்த நுனியை மட்டும் நறுக்கி எறிந்தார். மிச்சத்தை இழுத்துத் திரும்பவும் பொருத்தினார்.

"எங்கயும் சுத்திப்பாக்க ரிப் போறியளோ, மாமா? என்னையும் கூட்டிக்கொண்டு போறதில்லையோ?" என்று கோபித்தேன். அம்மா முகத்தை மறுபக்கம் திருப்பினார்.

அம்மா ஏறித் திறப்பைத் திருப்பினார். நின்ற இடத்திலேயே என்ஜின் அழகாக ஓடியது. மாமா பானெட்டை மூடாமல் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். தன் கைவேலையை ரசிக்கிறார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அம்மா ஓட்டிய ஓட்டம் எனக்கு எரிச்சலூட்டியது. பஸ்களெல்லாம் எங்களை முந்திப் போயின. பச்சை விழுந்த பிறகும் அம்மா அசையாமல் இருந்தார். "பச்சை, அம்மா, பச்சை!" என்று சீற்றை உதைத்தேன்.

பத்துக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். நான் கைதட்டினேன். மாமா வெள்ளைக்காரரைப் போல என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு உள்ளே போனார். நானும் அம்மாவும் பிளாஸ்டிக் கதிரைகளில் காத்திருந்தோம். மத்தியானம் ஒரு பெண் அதிகாரி வந்து, குனிந்து, அம்மாவிடம் மெதுவாக ஏதோ சொன்னார். நாங்கள் இருவரும்தான் வீடு திரும்பினோம். அன்று பின்னேரம் வேலையால் வந்த அப்பாவிடம் வாசலிலேயே, "நாங்கள் பிந்தேல்லை!" என்று பெருமையாகச் சொன்னேன். அப்பா என் தலையைத் தடவினார். பார்வை அம்மாவின் மேல் இருந்தது.

அன்று அங்கேயே பிடித்து அடைத்துவைத்த மாமாவை ஏழு மாதத்துக்குப் பிறகு விட்டார்கள். திருப்பி அனுப்பவில்லை, அதற்கு ஒரு நல்ல வக்கீலும் எங்கள் அதிர்ஷ்டமும் காரணம். இப்போது அதே நகரத்தில், தோர்ண்டன் ஹீத்தில் சொந்தமாகக் கராஜ் வைத்திருக்கிறார். அந்தக் குழாயை ஏன் திருத்தினீர்கள் என்று வளர்ந்த பிறகு ஒரு தடவை கேட்டேன். "நான் போகாட்டில் அவங்கள் உங்கட வீட்டுக் கதவையெல்லே தட்டியிருப்பாங்கள்" என்றார். அவ்வளவுதான்.

அம்மாவிடம் நான் எதையும் கேட்கவில்லை. அன்று அந்தக் காருக்குள் இருந்த மூன்று பேரில், போய்ச் சேரவேண்டும் என்று ஆசைப்பட்டவள் நான் ஒருத்திதான்.