ரொட்டிக்கு வந்த மீன்கள்

இஸ்திரியக்காவுக்கும் ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். மற்றபடி தெருவுக்கு அவள் இஸ்திரியக்காதான். தடியூன்றி வரும் கிழவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் அதற்கெல்லாம் முகம் சுளித்ததில்லை.

அவள் வேலை பார்த்த சலவைக்கடை பாலத்துக்குக் கீழே, ஆற்றுச் சுவரை ஒட்டி இருந்தது. பின்னறையில் துணி ஊறும் தொட்டிகள், முன்னறையில் அவளுடைய இஸ்திரி மேஜை. மேஜைக்கு நேராக ஒரு ஜன்னல். திறந்தால் ஆற்று நாற்றம், மூடினால் அடுப்புச் சூடு, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். ஆறு என்பதே ஒரு மரியாதைக்குத்தான். ஊர் முழுக்கக் குளித்து, துவைத்து, கழுவி விட்ட தண்ணீர்தான் அது. ஆனாலும் அதிலும் மீன் இருந்தது. உள்ளங்கை நீளத்தில், கறுத்து, எதையும் தாங்கிக்கொள்கிற மீன்.

புருஷன் போன பிறகும் அவள் கை இரண்டு பேருக்குத்தான் ரொட்டி வாங்கியது. மீந்த பாதியைக் குப்பையில் போட மனசு வரவில்லை. விடிந்ததும் கடைப் படியில் நின்று பிய்த்துப் பிய்த்து ஆற்றில் போடுவாள். ஒன்றிரண்டு மீன் வரும், கவ்வும், ஓடிவிடும். அவ்வளவுதான் அவர்களுக்குள் உறவு.

அந்தக் கோடையில் ஒருநாள், அவள் ரொட்டியை எடுக்கும் முன்பே மீன்கள் வந்து நின்றன. கூட்டம் கூட்டமாக, தண்ணீருக்கு மேலே வாயை நீட்டி, திறந்து மூடித் திறந்து மூடி. அவளுக்குப் புல்லரித்துவிட்டது. துணி துவைக்கிற தொட்டிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"பாருங்கண்ணே, எனக்காகக் காத்துக்கிட்டு நிக்குதுங்க."

"வீட்டுக்காரருக்கு ஊட்டுன கையாச்சே. அதான் தேடி வருது," என்றார் அவர். அவருக்கு எப்போதும் கொஞ்சம் கேலி.

அதைக் கேட்க அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ரொட்டித் துண்டுகள் மீன்களின் மூக்குக்கு நேராக மிதந்தன. ஒன்றும் கடிக்கவில்லை. பெரிய வீட்டுப் பிள்ளைகள், கெஞ்சினால்தான் தின்னும் என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். அடுத்த நாள் ஜன்னலைத் திறந்தபோது ஆறு வெள்ளையாக இருந்தது. அத்தனையும் மல்லாந்த வயிறுகள்.

வெறும் வாயை மெல்லுகிற தெருவுக்கு அவல் கிடைத்துவிட்டது. சாயப்பட்டறைதான் என்றார் கறிக்கடைக்காரர். சாக்கடையை ஆற்றில் திருப்பி விட்டதுதான் என்றார் குழாய் ரிப்பேர்க்காரர். வெயில் என்றார் ஒருவர், காலம் கெட்டுவிட்டது என்றார் இன்னொருவர். சலவைக்கடை முதலாளியோ யாரும் கேட்காமலே, "நம்ம கடைத் தண்ணியில வெறும் சோப்புதாங்க," என்று வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான்.

அன்று மத்தியானமே தண்ணீர்ப் பரிசோதனைக்காரி வந்தாள். அக்காவின் மகள் வயசுதான் இருக்கும். பையில் குப்பிகள், முகத்தில் பட்டினி. ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கேட்டாள்:

"தினமும் ஆத்தப் பாத்துக்கிட்டே இருக்கீங்களேக்கா. செத்துப்போறதுக்கு முன்னாடி, மீனுங்ககிட்ட ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா?"

"இல்லம்மா. நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. அது அவள் யோசித்துச் சொன்ன பொய்யல்ல. முன்பே ஒருமுறை சொல்லிப் பழகிய வாக்கியம், கதவு திறந்திருந்ததால் வெளியே வந்துவிட்டது.

அவள் புருஷன் பஸ் கண்டக்டர். வாழ்நாள் முழுக்க விசில் ஊதியவர், கடைசியில் மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கக்கூட மூச்சில்லாமல் கட்டிலில் கிடந்தார். நெஞ்சு பலவீனம், நன்றாகச் சாப்பிடக் கொடுங்கள் என்றார் டாக்டர். கொடுத்தாள். கடைசி நாட்களில் அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. அவளைப் பார்த்து வாயைத் திறப்பார், மூடுவார், திறப்பார். பசிக்கிறது போல என்று ஒவ்வொரு தடவையும் ஒரு கரண்டி பால் ஊற்றினாள். பாதி வழிந்தது. தலையைத் திருப்பினார். "அடம் பண்ணாதீங்க," என்று தாடையைப் பிடித்து ஊற்றினாள்.

மூச்சு நின்ற பிறகு வந்து பார்த்த டாக்டர், "மூச்சுத் திணறல் ரெண்டு மூணு நாளாவே இருந்திருக்குமே, கவனிக்கலையா?" என்றார். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பக்கத்தில் மகள் நின்றிருந்தாள்.

"இல்ல சார். நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு."

அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார் என்று மகள் இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்கிறாள். அந்த நிம்மதியைக் கெடுக்க அக்காவுக்கு நாக்கு எழவில்லை.

மீன் செத்த நாளிலிருந்து அவளால் மேஜை முன் நிற்க முடியவில்லை. காலர் விரிந்து கிடக்கும் ஒவ்வொரு சட்டையும் அவளைப் பார்த்து வாய் திறந்தது. இஸ்திரிப்பெட்டியை வைத்தால் மூடிக்கொண்டது, எடுத்தால் திறந்தது. ஒரு வெள்ளைச் சட்டையின் மேல் பெட்டியை வைத்தபடியே நின்று, கருகிய வாடை வந்த பிறகுதான் எடுத்தாள். ராத்திரி தண்ணீர் குடிக்க வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. கட்டிலின் அந்தப் பக்கம் யாரோ காற்றை உறிஞ்சுகிற மாதிரி இருக்கும். விளக்கைப் போட்டால் வெறும் தலையணைதான்.

இதற்கிடையில் பழி தொட்டிக்காரர் தலையில் வந்து விடிந்தது. நேற்றுவரை நன்றாக இருந்த மீன் ஒரே ராத்திரியில் செத்தால் அது விஷம்தானே? வெளுப்பு மருந்தைத் தொட்டியோடு ஆற்றில் கவிழ்த்துவிட்டான் என்று முதலாளியே சொல்லி, அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். போகும்போது அவர் அவளைப் பார்த்து, "நான் ஊத்தலக்கா, நீங்களாவது நம்புறீங்களா?" என்றார். கேலி எல்லாம் போன குரல். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவள் குனிந்து அடுத்த சட்டையை உதறினாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. நேராகப் பரிசோதனைக்காரியின் ஆபீசுக்குப் போனாள். ஜன்னலே இல்லாத அறை, சுவரெல்லாம் குப்பிகள். நின்றபடியே சொன்னாள்:

"அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன்மா. மூணு நாளா மேல வந்து வாயத் தொறந்துச்சுங்க. நான் ரொட்டிக்குன்னு நெனச்சேன்."

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தினாள். "அது பசி இல்லக்கா. தண்ணிக்குள்ள மூச்சுக்காத்து இல்லன்னா அப்படித்தான் மேல வரும். அப்போ இது ஒரே ராத்திரியில ஊத்துன விஷமா இருக்காது. வெயிலா இருக்கலாம், சாக்கடையா இருக்கலாம், பாலத்து வேலைக்காக மேல மதகை அடைச்சு வெச்சிருக்காங்களே, அதுவா இருக்கலாம். எல்லாம் சேந்துகூட இருக்கலாம். ஒருத்தர் தலையில கட்ட முடியாது."

"நான் போட்ட ரொட்டி?"

"ரொட்டியும் அழுகும்போது கொஞ்சம் காத்தக் குடிக்கும்தான். ஆனா அரை ரொட்டியில ஒரு ஆறு சாகாதுக்கா."

அக்கா போகவில்லை. கேட்க வந்தது அதுவல்ல.

"மொத நாளே யாராவது வந்து சொல்லியிருந்தா?"

அந்தப் பெண் ஒரு குப்பிக்கு மூடியைத் திருகிக்கொண்டே, "சொல்லியிருந்தா மதகைத் திறந்து விட்டிருப்போம். பாதியாவது பொழச்சிருக்கும்," என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், அவளுக்கென்ன தெரியும். ஒரு வருஷமாக டாக்டரிடம் கேட்கப் பயந்த கேள்விக்குப் பதில் அங்கே கிடைத்துவிட்டது. அக்கா வெளியே வந்தாள். கையில் அந்தப் பெண் கொடுத்த ஆபீஸ் போன் நம்பர் இருந்தது.

தொட்டிக்காரர் வேலைக்குத் திரும்பினார். நடுவில் ஒரு மழை பெய்தது, மேலேயிருந்து சின்னச் சின்ன மீன்கள் வந்து சேர்ந்தன. வெயிலும் திரும்பி வந்தது, மதகு அடைத்தபடியே இருந்தது. அவள் ரொட்டி போடுவதை விட்டுவிட்டாள். ஆனால் விடிந்ததும் படியில் நிற்பதை விட முடியவில்லை.

ஒரு விடியலில் தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தாள். விரல் நீள மீன்கள், நூற்றுக்கணக்கில், வாயைத் திறந்து மூடித் திறந்து. அத்தனை வாயிலும் ஒரே முகம் இருந்தது. ஓடிவிடலாம் என்று கால் பரபரத்தது. நின்று, நம்பரை அழுத்தினாள். தூக்கக் கலக்கத்தில் ஓர் ஆண் குரல் எடுத்தது.

"மூச்சு விட முடியலங்க. வாயத் தொறந்து தொறந்து மூடுது. சீக்கிரம் மதகைத் திறக்கச் சொல்லுங்க."

"எத்தனை நாளா இப்படி இருக்கும்மா?"

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சுங்க," என்றாள். அதே வாக்கியம். இந்தத் தடவை அது நிஜமாக இருந்தது. "இப்பத்தான் பாத்தேன். பாத்த உடனே கூப்பிடுறேன்."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"சொல்லிடுறேன், இப்பவே சொல்லிடுறேன். அழாதீங்கம்மா," என்றது அந்தக் குரல். "மீனுதானே."