பாம்புக்கு வீடு அமைத்த கதைகள்

பாம்புக்கு வீடு அமைத்துக் கொடுப்பதுதான் என் தொழில் என்று சொன்னால், கேட்பவர் முதலில் சிரிப்பார். பிறகு எனக்குக் கொடுத்த கையை மெல்ல இழுத்துக்கொள்வார். கேரம் டவுன்ஸ் கோயிலில் பிரசாத வரிசையில் நின்று இதைச் சொல்லிப் பாருங்கள், முன்னாலும் பின்னாலும் தாராளமாக இடம் கிடைக்கும். சொந்தக்காரருக்கு விளங்கப்படுத்த முடியாத வேலை பார்க்கிறவர்களே, உங்களுக்கு என் பாடு தெரியும்.

முதல் நாள்

வேறு வேலை கிடைக்காமல்தான் மெல்பேர்னில் பாம்பு விற்கும் ஒரு கடைக்குப் போனேன். முதலாளி ஹெலன், ஒரு மலைப்பாம்பின் பெட்டியைத் திறந்து தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றச் சொன்னா. என் கை உள்ளே போனதும் அது தலையைத் தூக்கியது. கையை இடப்பக்கம் கொண்டுபோனேன், தலையும் அங்கே திரும்பியது.

"என்னையே பார்க்குது" என்றேன். ஹெலன் அதன் உதட்டோரம் இருந்த சின்னச் சின்னக் குழிகளைக் காட்டினா. எனக்குப் பயம் போகவில்லை, ஆனால் கையை எடுக்கவும் மனம் வரவில்லை.

"அந்தக் குழியாலதான் உன்ர உடம்புச் சூட்டை அறியுது. லைட்டை நூத்து இருட்டாக்கினாலும் உன்ர கை அதுக்குத் தெரியும்" என்றா ஹெலன்.

கிளென் வேவர்லியில் ஒரு கண்ணாடி மாளிகை

எனக்குத் தெரிந்த பவானி அன்ரியின் மகள் ஆரணி ஒரு நர்ஸ். ஆசையாக மலைப்பாம்பு வாங்கியது அவள். ஆஸ்பத்திரி வேலையால் அதைப் பார்த்துக்கொண்டது அன்ரி. பாம்பு சாப்பிடாமல் மெலிந்துகொண்டே போனது. மிருக வைத்தியர் சோதித்து, நோய் ஒன்றும் இல்லை, இருப்பிடத்தைக் கவனியுங்கள் என்று சொல்லியிருந்தார். அப்படித்தான், அதற்குள் பாம்புப் பெட்டி அமைக்கப் பழகியிருந்த என்னைக் கூப்பிட்டார்கள்.

வீட்டு ஹோலின் நடுவில் பெரிய கண்ணாடிப் பெட்டி. நாலு பக்கமும் வெளிச்சம், நடுவில் ஒரு விளக்கு, ஒரு கிளை. பாம்பு மூலையில் தன்னைத்தானே இறுக்கிக்கொண்டு கிடந்தது. பெட்டியைச் சுவரோரம் நகர்த்தி, மூன்று பக்கமும் மறைத்தோம். விளக்கை ஒரு கரைக்கு மாற்றிக் கம்பிக்கூடு போட்டேன், உடம்பு பட்டுச் சுடாமல் இருக்க. சூடு ஏறினால் தானாக நிற்கும் தெர்மோஸ்டாட்டும் பூட்டினேன். மற்றக் கரை குளிராக இருக்கட்டும் என்று விட்டேன். இரண்டு கரையிலும் உடம்பு மட்டுமட்டாக நுழையும் மரப்பட்டைப் பொந்து ஒவ்வொன்று.

பாம்பை உள்ளே விட்டோம். நாக்கை நீட்டி நீட்டி எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தது. பிறகு குளிர்ந்த பொந்துக்குள் முழுதாகப் போய் மறைந்தது. அன்ரி கதிரையில் இருந்துவிட்டா.

"இவ்வளவு நாளும் ஒளிக்க ஒரு இடமில்லாமல் இருந்திருக்கு, பிள்ளை. எங்களுக்கே அது விளங்கேல்லையே."

கண்

சில வாரம் கழித்து அன்ரி போன் எடுத்தா. "கண் ரெண்டும் பால் மாதிரி மங்கிப்போச்சு. குருடாப் போச்சோ?" தோல் கழட்டப் போகுது, தொடாதேங்கோ என்று சொல்லி, தோல் இலேசாகக் கழர ஈரப்பாசி போட்ட பெட்டி ஒன்றைக் கொண்டுபோய் வைத்தேன்.

பிறகொரு பின்னேரம் நான் அங்கே நிற்கும்போதே அது நடந்தது. கிளையில் மூக்கைத் தேய்த்தது. உதட்டில் தோல் விட்டது. காலுறையைக் கழற்றுவதுபோல, தன் பழைய உடம்பிலிருந்து அது மெல்ல வெளியே வந்தது. புதுத் தோல் மினுங்கியது. கிழியாமல் முழுசாகக் கிடந்த தோலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். தலைப்பக்கம், கண் இருந்த இடத்தில், இரண்டு சின்னக் கண்ணாடி வட்டங்கள்.

"கண்ணுக்கு மேலயும் தோலோ? அதையும் கழட்டிப்போட்டுத்தான் திரும்பப் பார்க்குதோ?" என்று கேட்டா அன்ரி.

சைவ வீடு

பாம்புக்குக் கொடுக்கும் உறைய வைத்த எலிகளுக்கு அன்ரி கராஜில் தனிக் குளிர்பெட்டி வைத்திருந்தா. சமைக்கிற குசினிப் பக்கம் அது வரக்கூடாது. ஆரணிதான் இடுக்கியால் பிடித்துக் கொடுப்பாள், பாம்பு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அன்று ஆரணி வேலைக்குப் போயிருந்தாள். பொந்து வாசலில் பாம்பு காத்திருப்பதைக் கண்ட அன்ரி, பிறந்ததிலிருந்து மச்சம் மாமிசம் தொடாத கையால் எலியைச் சுடுதண்ணீரில் இளக வைத்து, இடுக்கியால் நீட்டியிருக்கிறா. ஒரே பாய்ச்சல். உடனே எனக்குப் போன் எடுத்தா.

"பிள்ளை, சாப்பிட்டுட்டுது. நான் தலைமுழுகப் போறன், நீங்கள் ஆரணிக்கு ஒருக்காச் சொல்லிவிடுங்கோ."

கையும் காலும் இல்லாத ஒன்று தன் வீட்டில் நிம்மதியாகச் சுருண்டு கிடப்பதைப் பார்த்துவிட்டு, கூரை ஒழுகுகிற என் வாடகை அறைக்குத் திரும்பும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும்.