நான்காவது ஆள்

செய்தி வந்தபோது நான் பொன்னாடைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். தினமும் பெர்ரிப் படகேறி ஜார்ஜ்டவுனுக்குப் போய் நான் வேலை பார்க்கும் துணிக்கடையில் தைப்பூசம் நெருங்கினால் அதற்குத்தான் கிராக்கி. போனில் என் தம்பி குணா. “அக்கா, சேவியர் அண்ணே போயிட்டாரு. காலையில கோயிலுக்குப் போயிட்டு வந்து நாற்காலியில உக்காந்தவரு, அப்படியே...” எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். மழை நின்று லாலான் புல் காய்ந்து கிடக்கிற நேரம் பார்த்தா மனுஷன் போவார்?

உங்களில் பலருக்கு அவர், பிறையில் எங்கள் தாமான் குடியிருப்பின் தன்னார்வத் தீயணைப்புக் குழுத் தலைவர். சிலருக்கு, அரசுத் தீயணைப்புத் துறையான பொம்பாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கத் தெரியாதவர். எனக்கு அவர் என் ஆடுகளைச் சாகவிட்டவர். அஞ்சலியில் இப்படி எழுதலாமா என்று கேட்காதீர்கள். அவர் முகத்துக்கு நேரே நான் சொன்னதுதான் இது. செத்த பிறகு மாற்றிச் சொன்னால் அவருக்கே பிடிக்காது.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு போகியன்று யாரோ ஒரு புண்ணியவான் தன் வீட்டுப் பழைய மெத்தையை இழுத்துப்போய் எங்கள் வீடுகளுக்குப் பின்னால் லாலான் காட்டோரம் கொளுத்திவிட்டார். யார் என்று இன்றுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. காற்று திரும்பியதும் தீ புல்லைப் பிடித்துக்கொண்டது. காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் கொஞ்சம் தள்ளி எங்கள் ஆட்டுக் கொட்டகை. எனக்கும் குணாவுக்கும் கூட்டு. தீபாவளிக்கு விற்க வளர்த்தவைதான், ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் வைத்திருந்தேன்.

பொம்பா வண்டி ஜுருவில் ஒரு கார்ப் பட்டறைத் தீக்குப் போயிருந்தது. எங்கள் குழுவின் சிறிய வண்டியில் வந்து இறங்கியவர்கள் மூன்றே பேர்: சேவியர் அண்ணே, குணா, பாகான் டாலாமிலிருந்து ஓடி வந்து ஏறிக்கொண்ட லாரி ஓட்டுநர் முருகன். மற்றவர்களெல்லாம் ஆலைகளில் ஷிப்டில் இருந்தார்கள், மேலாளர்கள் விடவில்லை. ஆடுகள் கத்துவது கேட்டது. குணா தண்ணீர்க் குழாயைத் தூக்கிக்கொண்டு பாதையில் இறங்கப் போனான். சேவியர் அண்ணே அவனுடைய பெல்ட்டைப் பிடித்து இழுத்தார்.

“உள்ள ரெண்டு, வெளிய ரெண்டு. மூணு பேரை வச்சு நான் யாரையும் உள்ள விட மாட்டேன்.”

“கத்துதுண்ணே!”

“எனக்கும் காது கேக்குது. நில்லுடா.”

ஒருவர் பம்பில் நிற்க வேண்டும். இன்னொருவர் காற்றைப் பார்த்துக்கொண்டு, உள்ளே போன இருவரும் திரும்பாவிட்டால் போய் இழுத்து வரத் தயாராக நிற்க வேண்டும். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் காதில் ஏறியிருக்காது. பயந்தாங்கொள்ளி, கல்நெஞ்சன் என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையில் குணாவின் பெல்ட், மறு கையால் வீடுகளின் பக்கம் தண்ணீர் அடிக்கச் சொல்லி முருகனுக்குச் சைகை. கொஞ்ச நேரத்தில் ஆடுகளின் சத்தம் நின்றது.

வீடுகள் தப்பின. உடனே எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள் அவரைப் பாராட்ட வேண்டும் என்று கிளம்பி, நான் வேலை பார்க்கும் கடைக்கே வந்து பொன்னாடை வாங்கினார்கள். வயிறெரிய எடுத்துக் கொடுத்தேன். மேடையில் அதை அவர் தோளில் போட வந்தபோது கையை நீட்டித் தடுத்துவிட்டாராம். “இதை வச்சு என்னய்யா செய்ய? ஆளு குடுங்க. ஓவர்டைம் போனா சம்பளம், தீயணைக்கப் போனா கைதட்டு. கைதட்டை வச்சுப் பிள்ளைக்குப் பால்மாவு வாங்க முடியுமா லா?” சங்கத்துக்காரர்களுக்கு முகம் சுண்டிப்போயிற்று. வாங்கியிருந்தால் நானே போய் உருவியிருப்பேன், அது வேறு விஷயம்.

அந்தக் கோபம் ஆறாமல்தான் ஜார்ஜ்டவுன் மண்டபத்தில் நடந்த பொதுக்கூட்டத்துக்குப் போனேன். வறட்சிக் காலத்தில் புல் தீக்கு என்ன ஏற்பாடு, தன்னார்வலர்களுக்கு அலவன்ஸ் கூட்டுவதா வேண்டாமா என்று பேசக் கூட்டிய கூட்டம். சேவியர் அண்ணே முன்வரிசையில் இருந்தார். நான் எழுந்து மைக்கை வாங்கி, இந்த மனிதர் கைகட்டி நின்றதால் என் ஆடுகள் வெந்து செத்தன என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

மேடையில் இருந்த, டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகருக்கோ வாயெல்லாம் பல். “பாத்தீங்களா, இந்த அம்மா சொல்றதுதான் உண்மை. ஆளும் காசும் பிரச்சினை இல்ல. துணிச்சல் இல்ல, சேவை மனப்பான்மை இல்ல. இதுக்கு எதுக்கு அலவன்ஸ்?” சிலர் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்த குணா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது.

“ஐயா, அவரை நான் ஏசுவேன். என் ஆடு செத்திச்சு, எனக்கு உரிமை இருக்கு. நீங்க யாரு ஏச? எரியுற வீட்ல புடுங்குனது லாபமா உங்களுக்கு? அன்னைக்கு இன்னும் ஒரே ஒரு ஆளு இருந்திருந்தா என் ஆடு பொழைச்சிருக்கும். அந்த ஆளு ஆலையில நின்னான். வந்திருந்தா அவனுக்கு அன்னைய சம்பளம் போயிருக்கும். அதுக்கு வழி சொல்லுங்க முதல்ல!”

நான் அதைச் சொல்லத் திட்டமிட்டு வரவில்லை. வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே புரிந்தது. டத்தோ தண்ணீர் குடித்தார். சேவியர் அண்ணே திரும்பி என்னைப் பார்த்தார். கூட்டம் முடிந்து பிறைக்குத் திரும்பும் பெர்ரியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது பக்கத்தில் வந்து, “ரொம்ப நாளா நான் சொன்னேன் சரசு, ஒருத்தனும் கேக்கல. உனக்கு நல்ல தொண்டை” என்றார்.

அந்த அலவன்ஸ் இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது. ஆனால் பிறையில் ஓர் ஆலை மட்டும், தீ அழைப்பு வந்தால் சம்பளம் பிடிக்காமல் ஆளை அனுப்ப ஒப்புக்கொண்டது. சேவியர் அண்ணே அந்த ஆலை வாசலில் போய்ப் போய் நின்று வாங்கியது அது. “ஒரு கதவு தொறந்திருக்கு. மத்த கதவையும் தட்டுவோம்” என்பார். ஒருநாள் ஓர் ஆட்டுக்குட்டியைப் பிடித்து வந்து எங்கள் வாசலில் கட்டினார். அதற்கு நான் சேவியர் என்று பேர் வைத்தேன். கேள்விப்பட்டு வீடு தேடி வந்து, “தீபாவளிக்கு என்னை வெட்டிறாத சரசு” என்று சொல்லி இருமும்வரை சிரித்தார். அந்த ஆடு இன்னும் இருக்கிறது.

அடக்கத்தன்று வெயில் கொளுத்தியது. பெட்டியைக் குழுவினர் தூக்கி வந்தார்கள், முன்மூலையில் குணா. குழிக்குச் சற்றுத் தூரத்தில் முருகனின் போன் அடித்தது. ஜுரு பக்கம் லாலான் தீ, காற்று குடியிருப்பைப் பார்த்து அடிக்கிறது. பெட்டி தூக்காமல் நின்ற முருகனும் இன்னும் இருவரும் வண்டியை நோக்கி ஓடினார்கள். ஓடினார்களே தவிர ஏறவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மூவரும் குணாவையே பார்த்து நின்றார்கள். அவன் மேரி அண்ணியைப் பார்த்தான். கணவரின் பெட்டிக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“போ குணா. மூணு பேரா போனா அவரு எந்திரிச்சு வந்து ஏசுவாரு.”

அவன் கையை எடுத்ததும் பெட்டியின் அந்த மூலை தாழ்ந்தது. யாரும் யோசிப்பதற்குள் நான் போய்ப் பிடித்தேன். பெண்பிள்ளை தூக்கலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. நல்ல கனம். “அண்ணே, இன்னைக்கு ஆள் கொறையல” என்று மட்டும் அவரிடம் சொன்னேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் வரை வீட்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். பின்பக்கம் சேவியர் கத்திக்கொண்டிருந்தது. குணாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டபோது கையிலிருந்த கரண்டியோடு வெளியே ஓடினேன். அவன் முகமெல்லாம் கரி.

“யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?”

“நாலு பேரு போனோம், நாலு பேரும் வந்துட்டோம். சோறு இருக்காக்கா?”

சேவியர் அண்ணேயின் தொப்பியை மேரி அண்ணி வைத்துக்கொண்டார். பம்பின் சாவி இப்போது முருகனிடம். என் பங்குக்கு அவர் விட்டுப்போனது எது என்று கேட்டால், அன்று தீக்கு முன்னால் ஒரு பெல்ட்டைப் பிடித்த பிடியை விடாமல் நின்றாரே, அந்தப் பெல்ட்டுக்குள் இருந்தவன். அடுப்படியில் உட்கார்ந்து, ரசத்தில் உப்புப் போதவில்லை என்கிறான்.