மோதெனாப் புளிப்பு

அவிநாசி சாலையில் புதிதாகத் திறந்திருக்கும் பெரிய கடையில், எண்ணெய் அடுக்குக்குப் பக்கத்திலிருந்து கறுப்பாக ஒரு பாட்டிலை எடுத்து என் மகள் கூடையில் போட்டாள். இத்தாலி வினிகர், சாலட்டுக்காம். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்ததும் அதே வாசனை, பழுத்த திராட்சையும் பழைய புளியும் கலந்ததுபோல. நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். "உங்கப்பாவுக்குப் புதுசா எதைக் கண்டாலும் ஆகாது" என்றாள் மனைவி. புதுசா? எனக்கும் அந்தப் புளிப்புக்கும் பழைய பழக்கம்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். ஒரு பனியன் கம்பெனியில் நான் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர். ஆங்கிலம் தெரியும் என்று சொல்லி வேலைக்குச் சேர்ந்தவன். எவ்வளவு தெரியும் என்று யாரும் கேட்காததால் பிழைத்தேன். முதலாளி குன்னத்தூர்ப் பக்கம் தோட்டங்காடு உள்ளவர். டி-ஷர்ட்டுக்குக் காலர் பின்னுகிற மெஷின் ஒன்றை இத்தாலியிலிருந்து பழையதாக வாங்கினார். மோதெனா நகரத்தில் மூடிப்போன ஒரு பட்டறையின் மெஷின் அது. மாட்டிக் கொடுக்க மார்க்கோ என்கிற மெக்கானிக் கூடவே வந்தான்.

மார்க்கோ எங்கள் சாப்பாட்டைக் குறை சொன்னதே இல்லை. ஆனால் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டே தன் ஊர்ச் சாப்பாட்டைப் பேசிக்கொண்டிருப்பான். மாவைத் தாள்போலத் தேய்த்து, உள்ளே கறி வைத்து, விரல் நுனியில் மடித்து, கோழிச் சாற்றில் வேகவிடுகிற குட்டிக் கொழுக்கட்டைகள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டுப் பெண்களெல்லாம் சுற்றி உட்கார்ந்து மடிப்பார்களாம். கூடவே நுரை பொங்கும் சிவப்பு ஒயின். "சோத்தோடயே குடிப்பாங்களாக்கும்!" என்று முதலாளி வாய் பிளந்தார். எல்லாவற்றுக்கும் மேலே அந்த வினிகர். வீட்டில் பெண் குழந்தை பிறந்தால், திராட்சைச் சாற்றைக் காய்ச்சிப் பரணில் மரப் பீப்பாய்களில் ஊற்றி வைப்பார்கள். வருடக்கணக்காக வற்றி வற்றிப் பாகுபோல ஆனதை அவள் கல்யாணத்துக்குக் கொடுத்தனுப்புவார்கள். அதைச் 'சீர்' என்று நான் மொழிபெயர்த்ததும், மார்க்கோ முதலாளிக்குச் சொந்தக்காரன் ஆகிவிட்டான்.

ஆயுத பூஜையன்று மெஷின் ஓடத் தொடங்கியது. சந்தனம், குங்குமம், பொரி, சுண்டல் எல்லாம் தயார். மார்க்கோ பையிலிருந்து சின்னக் குப்பி ஒன்றை எடுத்தான். அவன் அம்மா கொடுத்தனுப்பிய வினிகர். மெஷினை ஓட்டப்போகிறவர்களுக்குக் கொடுக்கச் சொன்னாளாம். முதலாளி அதைப் பயபக்தியோடு வாங்கிப் படையலில் வைத்துவிட்டார். தீபாராதனை முடிந்ததும் குப்பியைத் திறந்து எல்லோர் உள்ளங்கையிலும் சொட்டுச் சொட்டாக விட்டார். நாங்களும் தீர்த்தம் என்று உறிஞ்சிவிட்டு மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டோம். கட்டிங் மாஸ்டரின் முடி அன்று முழுக்க முள்ளு முள்ளாக நின்றது. மார்க்கோ விழுந்து விழுந்து சிரித்தான்.

அந்தச் சந்தோஷத்தில்தான் முதலாளி கேட்டார்: "ஏனுங்க மார்க்கோ, அம்மா இப்ப எங்கீங்க வேலைக்குப் போறாங்க?"

நான் ஆங்கிலத்தில் கேட்டேன். மார்க்கோ மெஷினைத் தட்டிக் காட்டினான். அம்மா கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அந்த மோதெனாப் பட்டறையில்தான் வேலை பார்த்தாளாம், கடைசியில் ஓட்டியது இந்த மெஷினை. இது இங்கே வந்துவிட்டது, இப்போது வீட்டில் சும்மா இருக்கிறாள். கோபமாகச் சொல்லவில்லை. நானும் மடையன்போல அதை அப்படியே எல்லோர் முன்னாலும் தமிழில் சொல்லித் தொலைத்தேன்.

மெஷின் ஓட்டச் சேர்ந்திருந்த செல்வி, சாத்தூர்ப் பக்கத்துப் பெண், உள்ளங்கையை முந்தானையில் அழுத்தித் துடைத்தாள். "அப்ப அந்தம்மா சோத்தையா சார் நாம..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"நாம வாங்காட்டி வேறொருத்தரு வாங்கியிருப்பாங்க கண்ணு" என்றார் முதலாளி. சொன்னாரே தவிர, சாயங்காலம் தானே வண்டியை எடுத்துக்கொண்டு ஊத்துக்குளிக்குப் போய் ஒரு டின் நெய் வாங்கிவந்து மார்க்கோவின் பெட்டிக்குள் திணித்தார். நெய்யால் தீருகிற விஷயமா அது, நீங்களே சொல்லுங்கள். எனக்கும் குற்றவுணர்ச்சி உறுத்தியது. காலர் ஆர்டர் வரும்போதெல்லாம் அந்த அம்மா நினைவுக்கு வந்தாள். ஆர்டர் வருவது நன்றாகவும் இருந்தது.

மெஷின் வந்து பத்து வருடம் முடிவதற்குள் எங்கள் ஆர்டர்கள் பங்களாதேஷ் பக்கம் திரும்பிவிட்டன. இப்போது கம்பெனி இல்லை, முதலாளியும் இல்லை. ஷெட் இருந்த இடத்தில் கல்யாண மண்டபத்துக்கு வருகிறவர்கள் கார் நிறுத்துகிறார்கள்.

மூடுகிற சமயத்தில் அந்தக் காலர் மெஷினை வாங்கியது டாக்காவில் ஒரு கம்பெனி. கழற்றி ஏற்ற அவர்கள் அனுப்பிய மெக்கானிக் நல்ல சிரித்த முகக்காரர், ஹிந்தி பேசினார். லாரி கிளம்பும் நேரத்தில் செல்வி டப்பா நிறையக் கருப்பட்டி மிட்டாயோடு வந்து நின்றாள். "அங்க ஓட்டப்போறவகளுக்குக் குடுத்துரச் சொல்லுங்க சார்" என்றாள். அவர் அதில் ஒன்றை எடுத்து வாயில் போட்டு, விரலை நக்கியபடி, அந்த அக்கா இனி எங்கே வேலைக்குப் போவார் என்று என்னிடம் ஹிந்தியில் கேட்டார்.

"என்ன சார் கேக்காரு?" என்றாள் செல்வி.

"ரொம்ப நல்லா இருக்குதுன்னு சொல்றாருங்க" என்றேன்.

"அப்ப இன்னொன்னு எடுத்துக்கிடச் சொல்லுங்க சார்" என்று டப்பாவை நீட்டினாள்.