தானாகக் குளிப்பாரா: ஆம் / இல்லை

அரசாங்க விண்ணப்பப் பாரம் எழுதித் தருகிற வேலையில் எழுதும் நேரம் குறைவு. வந்தவர் உண்மையைச் சொல்லும்வரை பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரம்தான் அதிகம்.

தமிழ்க் கடைத்தெருவான லிட்டில் இந்தியாவில் ஒரு போட்டோஸ்டேட் கடையில் எனக்கு இந்த வேலை. மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை விட்டவள். ஆனால் மலாய் பாரத்தைப் பார்த்தால் பயப்பட மாட்டேன் என்று பெயர். பயப்படுவேன், வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன், அவ்வளவுதான். மாற்றுத்திறனாளிகளுக்கான அரசாங்க உதவியின் விதிகள் மாறியபோது அந்தப் பயம் இரண்டு மடங்கானது. முன்பு டாக்டர் கடிதம் போதும். இப்போது குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது என்று ஒவ்வொன்றுக்கும் கேள்வி. ஏற்கெனவே உதவி வாங்குகிறவர்களும் மறுபடி எழுத வேண்டும். அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார்.

என் தம்பி சேகருக்கும் அந்த உதவி வருகிறது. மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பிறகு அவனால் தானாக எழுந்து உட்கார முடியாது. அந்தப் பணத்தில்தான் பகலில் அவனைப் பார்த்துக்கொள்ள ஒரு அக்கா வருகிறார். அதனால்தான் நான் கடைக்கு வருகிறேன். உதவி நின்றால் என் வேலையும் நின்றுவிடும். வீட்டில் ஒருவரை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை.

கோட்டு போட்ட படம்

புதுப் பாரத்தோடு, ஆள் வீட்டில் எப்படி இருக்கிறாரோ அப்படியே எடுத்த படம் ஒன்று வைக்க வேண்டும். கெப்பாலா பத்தாஸிலிருந்து வந்த ஒரு அம்மா மகனின் படத்தை நீட்டினார். கோட்டு, டை, நெற்றியில் விபூதி. சக்கர நாற்காலி தெரியாதபடி அதன்மேல் ஜரிகைச் சால்வை ஒன்று விரித்திருந்தார்கள். அந்தப் பையனுக்கு இன்றைக்கே பெண் பார்க்கலாம், உதவித்தொகை கிடைக்காது.

"அம்மா, நாற்காலி தெரியணும். வீட்டுல இருக்கிற மாதிரி எடுத்துட்டு வாங்க" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "நீ சொல்றது சரிதான் லா. அதுக்குன்னு ஆபீஸ்ல நாலு பேர் பார்க்கிற படத்துல எம்புள்ளையைக் கைலியோடயா உட்கார வைக்கிறது?"

எல்லாவற்றுக்கும் ஆம்

பைராம் தோட்டத்திலிருந்து மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்த ஒரு அண்ணன், கடைப் பலகையைப் பார்த்து உள்ளே வந்தார். வாதம் வந்து படுத்திருக்கும் மனைவிக்குப் பாரம் எழுத வேண்டும்.

"தானா குளிப்பாங்களா அண்ணே?"

"குளிப்பா."

"தண்ணி யார் ஊத்துறது?"

"நான்தான்."

"தானா உடுத்துவாங்களா?"

"உடுத்துவா. கொசுவம் மட்டும் நான் வச்சுவிடுவேன். ஊக்கும் நான்தான் குத்துவேன்."

நான் போட்ட 'ஆம்' எல்லாவற்றையும் அடித்துவிட்டு, வேறு பாரம் எடுத்தேன். "அண்ணே, நீங்க பக்கத்துல இல்லைன்னா அவங்களால என்ன செய்ய முடியும்? அதைத்தான் கேக்குறாங்க." அவருக்குக் கேள்வியே பிடிக்கவில்லை. சேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நான் ஏம்மா இல்லாம போறேன்? இங்கதானே இருக்கேன்!"

வாட்ஸ்அப் வெள்ளிக்கிழமை

'பழைய மாற்றுத்திறனாளி அட்டை எல்லாம் வெள்ளிக்கிழமையோடு செல்லாது' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றியது. கடையில் கூட்டம் நெருக்கியது. எல்லாருக்கும் ஆறுதல் சொல்லிவிட்டு, பின்பக்கம் போய் நானே அழுதேன். மத்தியானம் சாப்பிடாமல் நலத்துறை அலுவலகத்துக்கு ஓடினேன்.

கவுண்டரில் ஒரு மலாய்க்கார அம்மா. நான் மூச்சு வாங்கக் கைப்பேசியை நீட்டியதும், முதலில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். பிறகு புது விதிகளை வரி வரியாகப் படித்துக் காட்டினார். எந்த அட்டையும் செல்லாமல் போகவில்லை. அதிகாரி வரும்வரை பழைய உதவி தொடரும். நான் நம்பாமல் மறுபடி அந்தச் செய்தியைக் காட்டினேன். அவர் கோபப்படாமல் மலாயில் சொன்னார்: "அக்கா, அதை எழுதினவர் இந்த நாற்காலியில உட்கார்ந்ததே இல்லை. நான் பதினோரு வருஷமா உட்கார்ந்திருக்கேன்."

எங்கள் வீட்டு முறை

எங்கள் வீட்டுக்கு வந்த அதிகாரியும் அந்தக் கவுண்டர் அம்மாவேதான். அன்று விடியும் முன்பே தம்பியைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, தீபாவளிச் சட்டை போட்டு, நாற்காலியில் உட்கார வைத்தேன். முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை. மேசையில் முறுக்கும் தேநீரும். ஊருக்கெல்லாம் 'உள்ளதைச் சொல்லுங்க' என்று சொன்னவள்தான் நான்.

அவர் கேட்க ஆரம்பித்தார். தானாகச் சாப்பிடுவாரா? "சாப்பிடுவான்." தானாகக் குளிப்பாரா? "குளிப்பான்." வந்தவர் முன்னால் தம்பியைக் குறைத்துச் சொல்ல வாய் வரவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டே போனார். வேலை போகப்போகிறது என்று தெரிகிறது. வாய் மட்டும் 'ஆம், ஆம்' என்கிறது. அந்த அண்ணனை நினைத்துக்கொண்டேன்.

சேகருக்கு ஒவ்வொரு சொல்லும் மெதுவாகத்தான் வரும். ஆனால் வரும். மலாயில் அவரைக் கூப்பிட்டான். "மேடம்... பின்னாடி இருக்கிற தலையணையை எடுங்க."

அவர் எடுத்தார். சேகர் மெல்லப் பக்கவாட்டில் சாய்ந்தான். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். என் தோளில் தலை கிடக்க, அவன் சிரித்தான். அதிகாரி தாளைத் திருப்பி, முதல் கேள்வியிலிருந்து மறுபடி கேட்டார். இந்த முறை எல்லாவற்றுக்கும் அவனே பதில் சொன்னான்: இல்லை, இல்லை, இல்லை. கடைசியில் என்னைக் காட்டி ஒன்று சேர்த்தான்: "இதையும் எழுதிக்குங்க மேடம். எல்லாத்தையும் இவதான் செய்யிறா, கேட்டா 'அவனே செய்யிறான்'னு சொல்லுவா."

உதவி தொடரும் என்று கடிதம் வந்தது. அந்த அதிகாரிக்கு ஒரு டப்பா முறுக்கோடு நன்றி சொல்லப் போனேன், முறுக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நன்றியை மட்டும் வாங்கிக்கொண்டார். அடுத்த முறை எங்கள் வீட்டுப் பாரத்தைத் தம்பி சொல்லச் சொல்லத்தான் எழுதப் போகிறேன், ஊருக்கெல்லாம் எழுதித் தருகிற என் கையை இனி நான் நம்புவதாக இல்லை.