பேஸ் கிடார் பற்றி விழாக்குழுவுக்கு நான் கொடுத்த விளக்கம்

எங்கள் ஊர் விழாக்குழுவின் கலை நிகழ்ச்சி விதிகளில் பதினோராவது இப்படிச் சொல்கிறது: "ஓர் இசைக்கருவியைப் பற்றி ஐயம் எழுந்தால், அதை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே குழு முடிவெடுக்க வேண்டும்." நல்ல விதி. ஆயுள் முழுவதும் அரசாணைகளோடு குடித்தனம் நடத்திய எனக்கு, இவ்வளவு சுருக்கமாக எழுதியவரைத் தேடிப்போய்க் கை குலுக்கத் தோன்றியது. குழுவினர் அதுவரை படிக்கவில்லை. நாலாவது விதியோடு நிறுத்திக்கொண்டார்கள்: "ஒரு குழுவில் ஒரு கருவிக்கு ஒருவர் மட்டுமே."

ஐயத்துக்குக் காரணம் என் மனைவி.

அவள் பாலக்கோட்டில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒருநாள் நான் மாரண்டஹள்ளியிலிருந்து பீன்ஸ் பையோடு பஸ்ஸில் வந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்தால், முன்னறையில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்கிறாள். தோளில் கறுப்பு நிறத்தில் ஒன்று தொங்குகிறது. நான் பையை எங்கே வைத்தேன் என்பது இன்றுவரை நினைவில்லை.

"என்ன இது?"

"பேஸ் கிடாருங்க."

"கிடாருக்கு ஆறு கம்பி. இதுல நாலுதான் இருக்கு. ரெண்டு அறுந்துபோச்சா?"

"இதுக்கு நாலுதான். கம்பி எவ்வளவு தடிமன் பாருங்க. கழுத்தும் நீளம். கிடாரோட அடி நாலு கம்பி என்ன சுரமோ, அதே சுரம் ஒரு ஸ்தாயி கீழே. அதிர்வு சரியாப் பாதி." கணக்கு அங்கேயும் வந்துவிட்டது. "பீன்ஸ் முத்தலா வாங்கிட்டு வந்துட்டீங்களா?"

விசாரித்ததில் விவரம் தெரிந்தது. தக்காளி மண்டி வைத்திருக்கும் பாய் ஒருவர் பல வருடமாக மெல்லிசைக் குழு நடத்துகிறார். அவரே கிடார் வாசிப்பவர். குழுவில் பேஸ் வாசித்த ஆள் ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பாயின் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் என் மனைவி. சும்மா கிடந்த கருவியை அவளாகக் கேட்டு வாங்கி, மண்டி ஓய்ந்த மதியங்களில் பாயிடமே கற்றுக்கொண்டிருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் நான் நடைமுறை கேட்பேன் என்று தெரியும்.

பிறகு பல மாதம் வீட்டில் அந்தச் சத்தம் ஓடியது. ஃபிரிட்ஜ் சத்தத்தைப் போல நானும் அதைக் கேட்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

ஆடி மாத விழாவுக்குப் பாயின் குழு விண்ணப்பித்தது. பள்ளி ஆண்டு விழாக்களில் மேடைக்குக் கீழே நின்று பிள்ளைகளை வரிசையாக ஏற்றிவிட்டே காலம் கழித்தவள் அவள். ஒருமுறையும் தான் ஏறியதில்லை. இந்த முறை ஏறப்போகிறோம் என்று புது ரவிக்கைகூடத் தைக்கக் கொடுத்திருந்தாள். அனுமதிப் பட்டியல் வந்தது. அவள் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் காரணம்: "கிடாருக்கு ஏற்கெனவே ஆள் உண்டு."

அவள் தையல்காரருக்குப் போன் செய்து, "அவசரமில்லீங்க, மெதுவாத் தைங்க" என்றாள். அதற்குப் பிறகு நான் சும்மா இருக்க முடியுமா? மேல்முறையீடு எழுத உட்கார்ந்தேன்.

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். கிடார் பல கம்பிகளைச் சேர்த்து மீட்டும்; பேஸ் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வாசிக்கும். டிரம்மின் பெரிய உருளையில் அடி விழும்போது அதோடு சேர்ந்து விழும்; அதே சமயம் பாட்டு எந்தச் சுரத்தின் மேல் நிற்கிறது என்பதையும் சொல்லும். தாளத்துக்கும் ராகத்துக்கும் நடுவில் இருந்து இரண்டையும் பிடித்துக்கொள்கிற வேலை. எல்லாம் சரியாகத்தான் போயிற்று. முடிவில் நேர்மைக்காக ஒரு வரி சேர்த்தேன்: "நன்றாக வாசிக்கப்படும்போது கேட்பவருக்கு இது தனியாகத் தெரிவதில்லை."

சில நாள் கழித்து டீக்கடையில் விழாக்குழுச் செயலாளரைப் பார்த்தேன். ஒரு காலத்தில் என் பிரிவில் எனக்குக் கீழே இருந்தவர். குறிப்பெழுத நான்தான் பழக்கினேன்.

"சார், உங்க விளக்கம் பிரமாதங்க. அதை வெச்சுத்தான் தள்ளுபடி பண்ணலாம்னு இருக்கோம்."

"எதை வெச்சு?"

"கேக்கறவங்களுக்குத் தனியாத் தெரியாதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே. தெரியாத ஒண்ணுக்கு எதுக்குங்க தனியா ஒரு ஆளு?"

டீ கையில் ஆறிக்கொண்டிருந்தது. நான் எழுதிய வரியாலேயே என்னை அடித்திருக்கிறார். அதுவும் நான் சொல்லிக்கொடுத்த முறைப்படி. பதினோராவது விதியைச் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்தால் அப்படி ஒரு விதி இருப்பதே அன்றுதான் தெரிந்தது போலிருந்தது.

"அதைக் குழுவுல வெக்கறேங்க. பதில் எழுத்துலயே வந்துரும்."

வரவில்லை. விழாவுக்கு முந்தின மதியம் மண்டியில் ஒத்திகை. அவள் இல்லாமல் வாசித்துப் பழக வேண்டுமே, அதனால் அவளும் கேட்கப் போனாள். கொண்டுபோய் விட்ட நான், காலிக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். பாட்டு தொடங்கியது. எல்லாரும் சரியாகத்தான் வாசித்தார்கள். ஆனால் ஏதோ ஒன்று இல்லை. டிரம் தனியாக ஓடியது, கிடார் தனியாகக் கிணுகிணுத்தது. பாட்டு மெலிந்து, தரைக்கு மேலே எங்கோ தொங்கியது. பாடிய பெண் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"டீச்சர், எங்க நிக்கறதுன்னே தெரியலீங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை மாதம் என் வீட்டு முன்னறையில் ஓடியது இதுதானா? இருந்தபோது எனக்குக் கேட்காதது, இல்லாதபோது இவ்வளவு தெளிவாகக் கேட்கிறதே. என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு, மடியில் இருந்த கைப்பையின் வாரை விரலால் மெல்ல இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மாலை விழா. கடைசி நேரத்தில் அனுமதி வந்தாலும் வரும் என்று பேஸையும் எடுத்துக்கொண்டு போனோம். செயலாளர் மேடைப் படியருகே பட்டியலோடு நின்றிருந்தார்.

"மன்னிச்சுக்குங்க டீச்சர். குழு இன்னும் கூடலீங்க. ரெண்டு கிடாரு ஏத்த முடியாது."

அதற்குள் மேடையில் நின்றிருந்த பாய், தன் கிடாரைக் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுக் கீழே இறங்கி வந்தார்.

"ஒரு கிடாருதான உங்க கணக்கு? இப்ப மேல ஒண்ணுமே இல்ல. டீச்சரை ஏத்துங்க."

"என்னங்க பாய், குழுவே உங்களுது" என்றார் செயலாளர்.

"அதனாலதான் எறங்கறேன். நான் இல்லாட்டி பாட்டு கொஞ்சம் எளைக்கும். டீச்சர் இல்லாட்டி உக்காந்துரும். ஏறுங்க டீச்சர், நேரமாவுது."

செயலாளர் பட்டியலைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். எந்த விதியையும் மீறாத ஒரு செயலைத் தடுக்க எந்த விதியும் இல்லை. அதையும் அவருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

அவள் ஏறினாள். புது ரவிக்கை இல்லை, பழையதுதான். டிரம்முக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். முதல் சுரம் விழுந்தபோது நான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் அடியில் அது வந்து சேர்ந்தது. பிறகுதான் காதுக்கு வந்தது. கூட்டம் பாடகியைப் பார்த்துக் கை தட்டியது. என் மனைவியை ஒருவரும் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாயின் இடது கை விரல்கள், அவர் முழங்காலின் மேல் இல்லாத கிடாரை அழுத்திக்கொண்டிருந்தன.

"வருத்தமா இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"இருக்குதுங்க" என்றார். "பேசாமக் கேளுங்க சார்."

பதில் பதிவுத் தபாலில் வந்தது. செயலாளர் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருதான். கிடாரும் பேஸ் கிடாரும் வெவ்வேறு கருவிகள் எனக் குழு ஏற்பதாகவும், இரு கலைஞர்களும் நடப்பாண்டு விழாவில் மேடையேறலாம் என்றும் எழுதியிருந்தது. மனைவி இரண்டு முறை படித்தாள். பிறகு பாய்க்குப் போன் செய்து, "அடுத்த வருசம் நீங்களும் ஏறலாங்க" என்றாள். மறுமுனையில் அவர் சிரித்தது எனக்கும் கேட்டது. ஆடி மாத விழாவுக்கான அந்த அனுமதி எங்கள் கைக்குக் கிடைத்தது ஆவணி முதல் தேதி.